மேசைமேல் ஆடும் விண்கப்பல் போர் விளையாட்டுக்குச் சொந்தமாக விதி எழுதுகிறேன். ஏவுகணை நகர்வை எப்படி அமைப்பது?

வேகம், தூரமெல்லாம் அப்புறம். ஏவுகணை கப்பலுக்கு முன்னால் நகர்கிறதா, பின்னால் நகர்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கப்பல்கள் நகர்ந்து முடித்த பிறகு ஏவுகணையை நகர்த்தினால், எட்டும் தூரத்தில் உள்ள எதையும் அது அடித்துவிடும். பிறகு அதற்கும் பீரங்கிக்கும் வித்தியாசமே இல்லை.

ஃபுல் த்ரஸ்ட் என்ற விண்கப்பல் விளையாட்டின் சால்வோ (ஒரே நேரத்தில் கூட்டமாக ஏவும்) ஏவுகணை விதி இதை மிக நேர்த்தியாகத் தீர்க்கிறது. இரு தரப்பும் நகர்வு ஆணைகளை முதலில் எழுதிவிடுகிறார்கள். அதன்பின், கப்பல்கள் நகர்வதற்கு முன், ஏவுகணைகளைக் குறிக்கும் ஒரு வில்லையை (டோக்கனை) ஏவும் கப்பலிலிருந்து 24 அங்குலத்துக்குள் வைக்க வேண்டும். பிறகு எழுதியபடியே கப்பல்கள் நகரும். நகர்வு முடிந்ததும் வில்லையிலிருந்து 6 அங்குலத்துக்குள் மிக அருகில் இருக்கும் எதிரிக் கப்பலை அது தாக்கும். யாரும் இல்லையென்றால் அந்த ஏவுகணைகள் வீண். வில்லையைப் பார்த்த பிறகு ஆணையைத் திருத்த ஒரே ஒருமுறை அனுமதித்தாலும் விதி செத்துவிடும். ஆகவே ஆணைகள் காகிதத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. எதிரிக் கப்பலின் வேகம் 12 (சுற்றுக்கு 12 அங்குலம்), உந்துதிறன் 4 (ஒரு சுற்றில் வேகத்தை மாற்றவும் திரும்பவும் செலவிடக்கூடிய புள்ளிகள்) என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போனால் அது 8 முதல் 16 அங்குலம் வரை போகலாம். உந்துதிறனில் பாதியைத்தான் திரும்பப் பயன்படுத்த முடியும் என்பதால் அதிகபட்சம் இரண்டு புள்ளி, அதாவது 60 டிகிரி திரும்பலாம். ஒரு புள்ளி தொடக்கத்தில், இன்னொன்று பாதி வழியில். அப்படித் திரும்பினால் முன்புறம் சுமார் 8, பக்கவாட்டில் சுமார் 8 அங்குலத்தில் போய் நிற்கும். 12 அங்குலம் நேர் முன்னால் ஒரே வில்லை வைத்தால் அந்த இடம் 9 அங்குலம் தள்ளி இருக்கும், கப்பல் தப்பிவிடும். இரண்டு வில்லைகளை 12 முன்னால், இருபுறமும் 4 தள்ளி வையுங்கள். வேகத்தை 14 ஆக்கி இரண்டு புள்ளி முழுதாகத் திரும்பினால் மட்டும் மயிரிழையில் தப்பலாம். மற்ற எல்லா வழியும் அடைபடும். நேராகப் போகிறவர் இரண்டிலும் மாட்டுவார்.

அதே கப்பல் 24 வேகத்தில் வந்தால் கதை வேறு. இரண்டு புள்ளி திரும்பினால் நேர்வழியில் போய்ச் சேரும் இடத்திலிருந்து சுமார் 18 அங்குலம் விலகிவிடும். அதாவது இந்த முறையில் வேகமே கவசம். மெதுவாக வருகிறவர்தான் ஏவுகணைக்கு இரை. புதிதாக ஆடுகிறவர்கள் பயந்து வேகத்தைக் குறைத்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

தாக்குதல் சுலபம். ஒரு பகடை உருட்டினால் எத்தனை ஏவுகணை இலக்கைப் பிடித்தது என்று தெரியும். இலக்குக் கப்பலின் ஒவ்வொரு தற்காப்புத் துப்பாக்கிக்கும் ஒரு பகடை: 4, 5 வந்தால் ஒரு ஏவுகணை விழும், 6 வந்தால் இரண்டு விழும், மறுபடி உருட்டலாம். சராசரி 0.8. தப்பியவை ஒவ்வொன்றும் ஒரு பகடை அளவு சேதம் தரும். ஒரு சால்வோவை ஓரளவு நம்பிக்கையோடு நிறுத்த நான்கு துப்பாக்கியாவது வேண்டும்.

உங்கள் விளையாட்டில் கப்பல்கள் நிலைமத்தோடு மிதக்கும் வெக்டர் நகர்வு என்றால் 6 அங்குலத்தை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே எவ்வளவு வேகமாகப் போனாலும், உந்துதிறன் 4 உள்ள கப்பல் மிதந்து சேர வேண்டிய இடத்திலிருந்து 4 அங்குலம்தான் விலக முடியும். ஒரே வில்லை தப்பாமல் பிடிக்கும். தாக்கும் ஆரத்தை 3 ஆகச் சுருக்குங்கள்.

ஆணை எழுதும் வேலையே வேண்டாமென்றால் பேட்டில்ஃப்ளீட் காதிக் விளையாட்டின் வழி இருக்கிறது: டார்பிடோ ஒவ்வொரு முறையும் 30 செ.மீ. நேர்கோட்டில் மட்டும் போகும், வழியில் தொட்டது சொந்தக் கப்பலானாலும் அடிக்கும். எதிரியை ஒதுங்க வைக்க நல்ல கருவி. துரத்திப் போகும் ஏவுகணைதான் வேண்டுமென்றால் ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் விளையாட்டைப் போல ஒரு சுற்றை 32 துண்டாக்கிக் கப்பலையும் ஏவுகணையையும் மாறி மாறி நகர்த்த வேண்டும். துல்லியம் கிடைக்கும், ஆனால் ஆளுக்கு மூன்று கப்பலுக்கு மேல் போனால் ஒரு சுற்று முடியவே வெகுநேரம் ஆகும்.