பிடுங்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: என் தம்பி ஜேர்மனியில் புகலிடம் கோரி ஏழு மாதமாக முகாமில் இருக்கிறான். கடைவாய்ப் பல் சூத்தையாகி இரவில் உறக்கமில்லை. பல்லைப் பிடுங்குவார்களே தவிர வேறெதுவும் செய்யமாட்டார்கள் என்று உடனிருப்பவர்கள் சொல்கிறார்களாம். இங்கிருந்து கராம்புத் தைலமும் அவன் கேட்கும் பாக்கும் அனுப்பலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: அவர்கள் சொல்வது பாதி உண்மை. அந்நாட்டில் புகலிடம் கோருவோருக்கான உதவிகளை வரையறுக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திடீர் நோய்க்கும் வலிக்கும் தேவையான பற்சிகிச்சை கிடைத்தாக வேண்டும். பொய்ப்பல் மட்டும், மருத்துவக் காரணத்தால் தள்ளிப்போட முடியாதபோதே கட்டப்படும். பிடுங்கத்தான் வேண்டும் என்று அதில் இல்லை. (நம் தோட்டங்களிலும் பல் மருத்துவரிடம் போவதென்றால் பிடுங்கப் போவது என்றே பொருள், அந்தப் பழக்கமும் தம்பியோடு விமானம் ஏறியிருக்கலாம்.) இழந்த பல்லுக்கு மாற்றுப் பல் எளிதில் கிடைக்காத காலம் இது என்பதால், அடைத்தோ வேர்ச் சிகிச்சை செய்தோ இதைக் காப்பாற்ற முடியுமா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். புகலிடம் ஏற்கப்பட்டாலோ, 2024இல் வந்த மாற்றத்தின்படி 36 மாதங்கள் கடந்தாலோ, சிகிச்சைக்கான உரிமை பெரிதும் விரிவடையும்.

பல இடங்களில் சமூக நல அலுவலகம் தரும் சிகிச்சைச் சீட்டைக் காட்டினால்தான் பல் மருத்துவர் பார்ப்பார். அதைக் கேட்கும்போது வலி இருப்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முகம் வீங்கி, காய்ச்சலோடு விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனால், சீட்டுக்குக் காத்திராமல் 112 என்ற இலக்கத்தை அழைக்கட்டும்.

கராம்புத் தைலம் சிறிது நேரம் மரக்கச் செய்யும், சூத்தையைக் குணப்படுத்தாது. நேரடியாக ஊற்றினால் முரசு வெந்துவிடும். பாக்கை அனுப்பவே வேண்டாம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை மெல்லுதல் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கொழுந்து பறிக்கும் அம்மாமார் வாயில் அடக்கும் அதே பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, காரம் பட்டால் எரியவைத்து, நாளடைவில் வாயைத் திறக்கவிடாமல் செய்கிறது. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று தம்பி பார்க்கட்டும். முடியாவிட்டாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ தெரிந்தாலோ, தான் பாக்கு மெல்பவன் என்பதை அவனே சொல்ல வேண்டும். இப்பழக்கத்தை அரிதாகவே காணும் அங்குள்ள மருத்துவருக்கு அதைக் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

கேள்வி: பிரித்தானியாவில் புகலிடம் கோரியிருக்கும் அண்ணன் குடும்பத்தினர் பற்சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: அரசின் புகலிட உதவி பெறுவோருக்கு எச்.சி.2 என்ற சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால் தேசிய சுகாதார சேவையின் பற்சிகிச்சை இலவசம். புதிய நோயாளரை ஏற்கும் பல் மருத்துவரைக் கண்டுபிடிப்பதுதான் அங்கு பெரும்பாடு. தேடி முடிப்பதற்குள் சான்றிதழ் காலாவதியாகிவிடக்கூடும் என்பதால், அதிலுள்ள திகதியை இன்றே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.