யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்திலிருந்து முதல்முறை பறக்கிறீர்களா? பணிப்பெண்களோடு எப்படி நடந்துகொள்வது?

அம்மாவைச் சென்னைக்கு அனுப்பப்போவதாகவும், விமானப் பணிப்பெண்களிடம் எப்படி நடக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலாலிக்கு வரும் ஏடிஆர் 72 சிறிய விமானம். எழுபதுக்கு மேற்பட்ட இருக்கைகளுக்குப் பெரும்பாலும் இரண்டே பணியாளர்கள்தான். தேத்தண்ணி கொடுப்பது அவர்களுடைய முதல் வேலை அல்ல. ஆபத்து வந்தால் 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்றுமாறுதான் விமானங்களை வடிவமைக்கிறார்கள். அதற்கு வழிநடத்தப்போவது அந்த இருவரும். ஆகவே அவர்கள் பாதுகாப்புச் செயல்முறை காட்டும்போது கைபேசியை மடியில் வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொதிதான் பெரிய தலையிடி. இருக்கைக்கு மேலே பை வைக்கும் தட்டு சின்னது. பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் அடைத்த பாரமான பையைத் தூக்கித்தரச் சொன்னால் போவது அவர்களுடைய முதுகு. தூக்க முடியாததை ஏறுவதற்கு முன்பே சரக்குப் பொதியாகக் கொடுத்துவிடுங்கள்.

கூப்பிட அழைப்புப் பொத்தான் இருக்கிறது. சட்டையை இழுப்பதோ விரலைச் சொடுக்குவதோ வேண்டாம். 'தங்கச்சி' என்று கூப்பிட்டால் போதும், நம்மூர் அம்மாக்களுக்கு அது தானாகவே வரும். விமானம் தரையிறங்குவதற்குச் சற்று முன் பணிப்பெண்களும் இருக்கையில் அமர்ந்துவிடுவார்கள். தண்ணீர் கேட்பதாக இருந்தால் அதற்கு முன்னரே கேட்கவேண்டும்.