பழைய ஹார்ன்பி ரயிலை ஏழு வயதுப் பையனுக்கு வாங்கலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். இங்கே ஒரு கார் பூட் சந்தையில் (கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் இடம்), சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி கம்பெனித் தகரப் பொம்மை ரயிலைத் தண்டவாளத்தோடு பார்த்தேன். 1930-களில் வந்தது என்கிறார் விற்பவர். ஏழு வயது மகனுக்கு வாங்கலாமா, இல்லை நட்டு போல்ட்டு வைத்துப் பூட்டி விளையாடும் செட் நல்லதா?

பதில்: மகனுக்காக என்றால் ரயில் வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உரிந்த பெயின்ட் விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். தகர ஓரமும் கையைக் கிழிக்கும்.

உங்களுக்காக, அலமாரியில் வைத்து எப்போதாவது ஓடவிடத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், 1920-இல் லிவர்பூலில் தொடங்கிய அந்த ரயில்கள் மேல் எனக்கும் தனிப் பிரியம் உண்டு. ஆனால் காசு கொடுக்கும் முன் என்ஜினைக் கவிழ்த்துச் சக்கரங்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புச் சக்கரங்கள் துத்தநாகக் கலவை, அதில் கொஞ்சம் ஈயம் கலந்துபோயிருந்தால் வருஷங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, விரிசல் விட்டு, கடைசியில் கையில் பொடியாக உதிரும். இதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றுச் சக்கரம்தான் போடணும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் கண்முன்னே சாவி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சாவி தொலைந்துவிட்டது என்றால் ஓடாத ரயில் என்றே விலை பேசுங்கள். புதுசு மாதிரி மின்னினால் மறுபடி பெயின்ட் அடித்ததாக இருக்கலாம். கீறல் விழுந்த அசல் பெயின்டுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பு.

இன்னொன்று, இதன் தண்டவாள அகலம் 32 மி.மீ., இன்று கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் ஹார்ன்பி செட்டுகளுக்கு 16.5 மி.மீ. பிற்பாடு புது செட் வாங்கி இதோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பையனுக்கு நட்டு போல்ட்டு செட்தான் என் தேர்வு. இந்த வகை செட்டுகளில் பேர்போன மெக்கானோவுக்கு 1901-இல் காப்புரிமை வாங்கியவரும், அந்த ரயில்களைத் தொடங்கிய அதே ஃபிராங்க் ஹார்ன்பிதான். துளைக்குத் துளை அரை அங்குலம் என்ற அளவு அன்றிலிருந்து மாறாததால், இப்போது வாங்குவதோடு பிறகு வாங்கும் துளையிட்ட பட்டைகளையும் சேர்த்துப் பூட்டலாம். ஒரே ஒரு கார் மட்டும் செய்யவரும் பளபளப்பான பெட்டியை விட்டுவிட்டு, பட்டைகளும் சக்கரங்களும் நிறைய இருந்து பல மாதிரி செய்யவருகிற பெட்டியாக எடுங்கள், பிரித்து மறுபடி பூட்டும்போதுதான் பிள்ளைக்குக் கை பழகும். பெயின்ட் அடித்த பழைய மெக்கானோ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ரயிலுக்குச் சொன்ன காரணமே இதற்கும். புதுப் பெட்டியில், பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ (CE) அல்லது யுகேசிஏ (UKCA) முத்திரை இருக்கிறதா பாருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால், விளையாடி முடித்ததும் நட்டுகளை எண்ணி மூடிபோட்ட டப்பாவில் மேலே எடுத்து வையுங்கள்.