வால்வும் பழுது, ரத்தக்குழாயிலும் அடைப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அப்பாவுக்கு 66 வயது. இதயத்தின் அயோர்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். நெஞ்சுவலியே இல்லாதவருக்கு ஆஞ்சியோ எதற்கு?

வலி இல்லை என்பதால் ரத்தக்குழாயில் அடைப்பும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம். வால்வு சுருக்கத்தில் அடைப்பே இல்லாமலும் நெஞ்சு வலிக்கும்; தடித்துப்போன இதயத் தசைக்கு ரத்தம் போதாததால் வருகிற வலி அது. அதனால்தான் 40 வயது தாண்டிய ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வால்வு ஆபரேஷனுக்கு முன் ஆஞ்சியோ பார்ப்பது வழக்கம். அடைப்புக்கு வாய்ப்பு குறைவு என்றால் சி.டி. ஸ்கேனில் எடுக்கும் ஆஞ்சியோவே போதும்.

மைட்ரல் வால்வு மாற்றும்போதே பைபாஸும் செய்வார்களாம். அம்மாவின் உடம்பு தாங்குமா?

உங்கள் பயம் நியாயமானது. இதயத்தை நிறுத்தி வைக்கும் நேரம் கூடும், ஆபத்தும் கொஞ்சம் கூடும். ஆனாலும் முக்கியக் குழாயில் 70 சதவீதமோ, இடது மூலக்குழாயில் (இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் தொடக்கக் குழாய்) 50 சதவீதமோ அடைப்பு இருக்கும்போது வால்வை மட்டும் மாற்றிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

காலிலிருந்து எடுத்த சிரையை (ஒரு வகை ரத்தக்குழாய்) இதயத்தின் பின்பக்கக் குழாய்களில் முதலில் தைத்துவிடுவார்கள். அப்புறம்தான் வால்வு. கெட்டியான செயற்கை வால்வைப் பொருத்திய பிறகு இதயத்தைத் தூக்கிப் பிடித்தால் பின்சுவர் கிழியும் அபாயம் உண்டு. தைத்த சிரை வழியாகவே இதயத்தைக் காக்கும் கரைசலையும் செலுத்தலாம். அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் தசைக்கும் அது போய்ச் சேரும். மார்புத் தமனியை முன்பக்கக் குழாயில் இணைப்பது பெரும்பாலும் கடைசி வேலை. கால் சிரையைவிட அது நீண்ட காலம் உழைக்கும். அதைப் பயன்படுத்துவார்களா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள்.

முதலில் ஸ்டென்ட் வைத்துவிட்டு, பிறகு வால்வு ஆபரேஷன் செய்யலாமா?

நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்த பின் ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே ஆபரேஷன் செய்தால் ரத்தக்கசிவு. சீக்கிரம் நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும். தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி சிகிச்சை வேறு கதை. 2024-ல் வெளியான நோஷன்-3 ஆய்வில், டாவியோடு கடுமையான அடைப்புக்கு ஸ்டென்ட்டும் வைத்துக்கொண்டவர்களிடம், வைக்காதவர்களைவிட மரணம், மாரடைப்பு, அவசர அடைப்பு சிகிச்சை மூன்றும் சேர்ந்த கணக்கு குறைந்தது. ரத்தக்கசிவு கூடியது.

உலோக வால்வோடு பைபாஸும் ஆகிவிட்டது. அசிட்ரோம் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை), ஆஸ்பிரின் இரண்டுமே வேண்டுமா?

அசிட்ரோம் ஆயுள் முழுக்க. ஆஸ்பிரின் எவ்வளவு காலம் என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கீரை சாப்பிடலாம், அளவு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறக்கூடாது. மூட்டுவலி என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள். பல் பிடுங்கப் போனால், செயற்கை வால்வு இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.