ஏரி நிறைய பாஸ், ஆனால் எல்லாம் ஒல்லி: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் 10 ஏக்கர் ஏரி ஒன்று இருக்கிறது. பெருவாய் பாஸ் (largemouth bass என்னும் வேட்டை மீன்) நிறையச் சிக்குகிறது. ஆனால் எல்லாமே 25 முதல் 30 செ.மீ.க்குள்தான், தலை பெரிது, வயிறு ஒட்டிக் கிடக்கிறது. போன வாரம் பிடித்த 30 செ.மீ. மீன் 300 கிராம்தான் இருந்தது. புளூகில் (bluegill என்னும் தட்டையான சிறு மீன்) எப்போதாவதுதான் மாட்டும், மாட்டினால் உள்ளங்கையை நிறைக்கும். பிடித்த மீனை நாங்கள் யாரும் எடுத்துப்போவதில்லை, உடனே தண்ணீரில் விட்டுவிடுகிறோம். இது ஏதாவது நோயா? நல்ல இனக் குஞ்சுகளை வாங்கி விட்டால் சரியாகுமா?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது நோயாகத் தெரியவில்லை, பட்டினியாகத்தான் தெரிகிறது. ஏரியில் இருக்கும் இரைக்குத் தாங்காத அளவு பாஸ் பெருகிவிட்டது. அதற்கான தடயம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: அந்த உள்ளங்கை அகலப் புளூகில்.

பாஸின் அன்றாடச் சாப்பாடு புளூகில் குஞ்சுகள்தான். பாஸ் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இரையை எளிதாக விழுங்கும். கூட்டம் பெருத்தால், புளூகில் ஒரு கோடைக்குள் பலமுறை முட்டையிட்டாலும் குஞ்சுகள் விரல் நீளம் வளர்வதற்குள் காலியாகிவிடும். தப்பிப் பிழைத்த சிலவற்றுக்குப் பூச்சி, புழு எல்லாம் தாராளமாகக் கிடைப்பதால் அவை தட்டையாகக் கொழுத்துப்போகும். அந்தக் கொழுத்த மீன் பசித்த பாஸின் வாய்க்கு அடங்காது. ஒல்லி பாஸும் பெரிய புளூகிலும் சேர்ந்து கிடைத்தால் பாஸ் மிகுதி என்று தைரியமாகச் சொல்லலாம். நேர்மாறாக, விரலளவுப் புளூகில் மொய்த்துக்கொண்டு, பாஸ் சிலவே இருந்து அவையும் பெரிதாக இருந்தால், அந்த ஏரியில் ஒரு பாஸைக்கூட எடுக்கக் கூடாது. அதனால்தான் பாஸ் எப்படி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் புளூகிலைப் பற்றி விசாரிக்கிறேன்.

உங்கள் மீனின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நீள மீன் இவ்வளவு கனக்க வேண்டும் என்று சொல்லும், மீன்வள ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நியம எடைச் சூத்திரப்படி 30 செ.மீ. பெருவாய் பாஸ் ஏறத்தாழ 380 கிராம் இருக்க வேண்டும். உங்களுடையது 300, அதாவது நூற்றுக்கு 79. நன்றாகத் தின்று வளரும் மீன் 95க்கும் 105க்கும் இடையில் நிற்கும். 80ஐ ஒட்டி இறங்கினால் அது பசியின் அடையாளம். ஒரு மீனை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரு அளவுப் பலகையும் சிறிய தராசும் வாங்கி, முப்பது நாற்பது மீன்களையாவது நீளமும் எடையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க: 25 செ.மீ. மீனுக்கு 210 கிராம், 35க்கு 630, 40க்கு 970. வசந்தத்தில் பெண் மீன் சினையோடு கனத்திருக்கும், கணக்கு ஏமாற்றும். ஆகவே இலையுதிர் காலத்தில் எடை போடுங்கள்.

இனி மருந்து. சிறியவற்றை எடுத்துவிடுங்கள்.

தூண்டில் பிடிப்பவர்களுக்கு இது கசக்கும் என்று தெரியும். மீனைத் தண்ணீருக்கே திருப்பித் தருவது அன்பில் பிறந்த பழக்கம். மீன் அருகிப்போன பெரிய நீர்நிலைகளில் அது தேவையும்கூட. ஆனால் உங்கள் ஏரியில் திரும்பப் போகும் ஒவ்வொரு ஒல்லி மீனும் பக்கத்து மீனின் வாயிலிருந்துதான் பிடுங்கித் தின்கிறது. 1930களில் அலபாமாவின் ஆபர்னில் ஹோமர் ஸ்விங்கில் என்ற மீன்வள ஆய்வாளர் குளங்களை வடித்து, உள்ளிருந்த மீன்களை எண்ணி எடைபோட்டுத் தொடங்கிய ஆய்வு காட்டியது இதைத்தான்: ஒரு நீர்நிலை இத்தனை கிலோ மீனைத்தான் தாங்கும். அந்த எடையை ஆயிரம் குச்சி மீன்களாகவும் வைத்துக்கொள்ளலாம், இருநூறு கொழுத்த மீன்களாகவும் வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு எடுப்பது? நீரின் வளத்தைப் பொறுத்து, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ. உங்கள் பத்து ஏக்கருக்கு 50 முதல் 100 கிலோ வரும். கால் கிலோ மீனாகக் கணக்கிட்டால் 200 முதல் 400 மீன். ஆம், அத்தனை. இரண்டு வார இறுதிகளில் ஒரு வாளி மீன் எடுத்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று கைவிட்ட சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். பிடிக்கிற எல்லாரும் சேர்ந்து ஒரு பருவம் முழுக்க எடுத்தால்தான் கணக்கு நேராகும்.

30 செ.மீ.க்குக் கீழே உள்ளதை எடுங்கள். 30 முதல் 38 வரை உள்ளதைத் தொடாதீர்கள். அவைதான் இரை கிடைத்ததும் சட்டென்று கனக்கப் போகிறவை. அதற்கு மேலே போனதையும் விட்டுவிடுங்கள். பெரிய பாஸ் அநேகமாகப் பெண்தான், ஆண் அந்த அளவை எட்டுவது அபூர்வம். பெரிய ஏரிகளிலும் இந்த இடைக்காப்பு முறை உண்டு. டெக்சாஸின் ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதியால்தான் பெரிய மீன்கள் காக்கப்படுகின்றன. அங்கே நோக்கம் ராட்சத மீன், அதனால் வரம்பும் உயரம். உங்களுக்கு முதல் வேலை கூட்டத்தைக் குறைப்பது. தொடங்கும் முன் மாநில வனவிலங்குத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அளவு வரம்பும் ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய எண்ணிக்கையும் உங்கள் ஏரிக்கும் பொருந்தலாம்.

நல்ல இனக் குஞ்சு வாங்கும் யோசனையை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஃபுளோரிடா பாஸ் வெப்பமான நீரில் பெரிதாக வளரும் இனம்தான். ஆனால் பசித்த வீட்டில் அதற்கும் பட்டினிதான், போதாததற்கு இருக்கும் பாஸே அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒருமுறை இப்படிப்பட்ட ஏரியில் பிடித்த ஒரு சாண் மீனின் வயிற்றைத் திறந்து பார்த்தேன். தும்பிப் புழுக்கள் இரண்டு, ஒரு துண்டு நாணல், பாதி செரித்த ஒரு மீன் குஞ்சு. குஞ்சின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை இன்னும் தெரிந்தது. அதுவும் பாஸ்தான். காசைக் குஞ்சில் போடுவதைவிட, கூட்டம் குறைந்த பிறகு விரலைவிடப் பெரிய புளூகிலில் போடுங்கள். அது இரையாகவும் ஆகும், முட்டையிட்டு இரையைப் பெருக்கவும் செய்யும். பாஸுக்கு இரையாக ஷாட் (shad) என்ற மீனை விடலாமே என்று யாராவது சொல்வார்கள். சின்ன ஏரியில் அதில் ஒரு வகையான கிஸ்ஸார்ட் ஷாட் பாஸின் வாய்க்கு அடங்காமல் வளர்ந்து புளூகிலின் உணவில் பங்குக்கு வந்துவிடும். வேண்டாம்.

நீர்ச்செடியையும் பாருங்கள். ஏரிப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு செடி இருந்தால் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம். பாதி ஏரியை மூடிவிட்டால், இரை இருந்தும் பாஸால் பிடிக்க முடியாது, அதனாலும் இளைக்கும். செடியைக் கொல்ல மருந்து அடிப்பதானால் ஒரே நாளில் முழு ஏரிக்கும் அடிக்காதீர்கள். செத்த செடி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் திணறும், 2ஐ நெருங்கினால் செத்து மிதக்கும். வெயில் காலத்தில், மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் விடியற்காலையில்தான் இந்த ஆபத்து அதிகம். நாலில் ஒரு பங்கு அடித்து, இரண்டு வாரம் பொறுத்து அடுத்த பங்கு.

நோய் பற்றிய உங்கள் பயமும் நியாயமே. பெருவாய் பாஸ் வைரஸ் என்று ஒன்று உண்டு. 1995இல் தென் கரோலினாவின் சாண்டி கூப்பர் நீர்த்தேக்கத்தில் மீன்கள் செத்தபோது கவனத்துக்கு வந்தது. அது பெரும்பாலும் கடும் கோடையில் பெரிய மீன்களைத்தான் சாய்க்கும். உங்கள் ஏரியில் பெரிய மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் நிலை தடுமாறி நீந்தினால் துறைக்குச் சொல்லுங்கள். வருடக்கணக்காகக் குச்சியாகவே இருக்கும் சிறு மீன்களுக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

திரும்ப விடும் மீனைப் பிடிக்கும்போது கையை நனைத்துக்கொள்ளுங்கள், உடலின் வழவழப்பான மேல் பூச்சு உரியாமல் இருக்கும். கனத்த மீனைத் தாடையை மட்டும் பிடித்துக் கிடையாகத் தூக்காமல் வயிற்றுக்கு இன்னொரு கை கொடுங்கள்.

பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டு ஆகும். முதலில் மாறுவது எடை: அடுத்த இலையுதிர் காலத்தில் அதே 30 செ.மீ. மீன் 340 கிராமைத் தாண்டினால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று பொருள். தூண்டிலில் சின்னப் புளூகில் மாட்டத் தொடங்குவதும் நல்ல சகுனம். அந்த எடை நியமத்தில் நூற்றுக்கு 95ஐ எட்டியதும் எடுக்கும் அளவைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்தினால் சில ஆண்டுகளில் பழைய கதைதான்.

எடுத்த மீனைத் தாராளமாகச் சமைக்கலாம். பாதரசம் வயதான பெரிய பாஸில்தான் அதிகம் சேரும், நீங்கள் எடுப்பதோ சிறியவை. ஆனாலும் உங்கள் ஏரிக்கு உணவு எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.