ஆர்என்ஏவை அடைத்தால் புற்று பரவாதா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். சித்திக்கு 58 வயது. போன மாதம் திருவனந்தபுரத்தில் மார்பகக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்தது. அக்குளில் இரண்டு 'கழல'யிலும் இருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் இரண்டு கட்டியா என்று வீடே பதறிப்போய்க் கிடக்கிறது. இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப்பில், புரதம் செய்யாத ஆர்என்ஏதான் புற்றைப் பரப்புகிறது, அதை அடைத்துவிட்டால் கீமோவே வேண்டாம் என்று ஒரு செய்தி. டாக்டர் ஏதோ 21 ஜீன் டெஸ்ட் எடுக்கலாம் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? கீமோவைத் தள்ளிப் போடலாமா என்று சித்தி கேட்கிறார்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்தச் செய்தியை நம்பித் தள்ளிப் போட வேண்டாம். கீமோ வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், வாட்ஸ்அப் சொல்ல வேண்டாம்.

செய்தியில் பாதி உண்மை, அதுதான் தொல்லையே. நம் டிஎன்ஏவில் புரதம் செய்வதற்கான குறிப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியைக் குப்பை என்று ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அதிலிருந்தும் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவில் இருக்கும் குறிப்பின் நகல், உண்டாகிறது. அதில் சில, புரதம் எதுவும் செய்யாமலே மற்ற ஜீன்களை மேய்க்கின்றன. ஹாட்ஏர் என்று ஒன்று, 2007இல் கண்டுபிடித்தது. அது பிறப்பது 12ஆவது குரோமோசோமில், வேலை பார்ப்பது 2ஆவது குரோமோசோமில். நம்மூர்க்காரன் களியக்காவிளையில் பிறந்து தினமும் பஸ் ஏறி உங்கள் பாறசாலையில் போய் வேலை பார்ப்பதில்லையா, அது மாதிரி. ஜீனை வேலை செய்யவிடாமல் பூட்டுப் போடுகிற புரதக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய், இந்த ஜீனைப் பூட்டு என்று காட்டிக்கொடுக்கும். மார்பகக் கட்டியில் ஹாட்ஏர் கூடுதலாக இருந்தவர்களுக்குப் புற்று பரவும் ஆபத்தும் அதிகம் என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றில் உயிரை எடுப்பது பெரும்பாலும் மார்பில் இருக்கிற கட்டி இல்லை, எலும்புக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் கிளம்பிப் போகிற செல்கள்தான். அதனால் அந்த ஆய்வுக்கு அவ்வளவு கவனம் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

சரி, அடைத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள், எலியில். மிர்-10பி என்ற குட்டி ஆர்என்ஏவை 2010இல் ஊசி மருந்தால் அடைத்தபோது நுரையீரலுக்குப் பரவுவது நன்றாகக் குறைந்தது. மார்பில் இருந்த கட்டி மட்டும் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருந்தது. வாட்ஸ்அப்காரர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லவே மாட்டார்கள். மாலட்-1 என்று புரதம் செய்யாத இன்னொரு ஆர்என்ஏ, அதன் கதை இன்னும் மோசம். அதைக் குறைத்தால் எலியில் பரவல் குறைகிறது என்று 2016இல் ஒரு குழு எழுதியது. 2018இல் இன்னொரு குழு, இல்லை, அதை எடுத்துவிட்டால்தான் பரவல் கூடுகிறது என்றது. இந்த இரண்டாவது குழுவின் தலைவர் லி மா. மிர்-10பி வேலையைச் செய்தவரும் அவரேதான், ஆக விஷயம் தெரியாமல் பேசுகிறார் என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரே ஆர்என்ஏ, ஒரு தீர்ப்பில் குற்றவாளி, இன்னொன்றில் காவல்காரன். இப்படி இருக்கையில் எதை என்று அடைப்பது? மார்பகப் புற்றுக்கு இந்த வழியில் வேலை செய்யும் மருந்து எதுவும் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடையாது.

டாக்டர் சொன்ன 21 ஜீன் டெஸ்ட் வேறு சமாச்சாரம். அதுவும் கட்டியில் இருக்கும் ஆர்என்ஏவைத்தான் அளக்கிறது, ஆனால் புரதம் செய்கிற ஆர்என்ஏவை. 16 ஜீன்கள் புற்றோடு சம்பந்தப்பட்டவை, 5 ஒப்பிட்டுப் பார்க்க. கீமோவால் பெரிய பலன் இருக்குமா என்று கணிக்க அது உதவும். ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பாசிட்டிவ், ஹெர்-2 (புற்று செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) நெகட்டிவ் என்று ரிப்போர்ட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது. செலவு கூடுதல்தான், அதனால் சித்தியின் ரிப்போர்ட்டில் அந்த இரண்டு வரியும் என்ன சொல்கிறது, டெஸ்ட் முடிவு வந்தால் சிகிச்சை மாறுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம் அந்த 'கழல'. தமிழில் கழலை என்றால் கட்டி, மலையாளத்தில் டாக்டர் சொன்னது நம்ம நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. அக்குளில் நெறி கட்டும் என்போமே, அதே நெறிதான். கட்டியிலிருந்து கிளம்பிய செல்கள் அதில் இரண்டில் தங்கியிருக்கின்றன, புதிதாக இரண்டு கட்டி முளைக்கவில்லை. இதை இன்றைக்கே சித்தியிடம் சொல்லிவிடுங்கள்.