‘படம் உதாரணத்துக்கு மட்டும்’ என்று உணவுப் பாக்கெட்டில் ஏன் போடுகிறார்கள்? இதுகூடவா நமக்குத் தெரியாது?

தெரியும். நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் குடைமிளகாயும் கொத்தமல்லியும் கொட்டாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த வரி நமக்காகப் போட்டதில்லை. போடுகிறவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2020 லேபிள் விதிகளின்படி, ஒரு பொருளை எழுத்தாலோ படத்தாலோ எடுத்துக்காட்டினால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்றும் லேபிளில் சொல்ல வேண்டும். பரிமாறும் முறையைக் காட்டத்தான் அந்தப் படம் என்றால் விலக்கு உண்டு. ‘சர்விங் சஜஷன்’ (இப்படிப் பரிமாறலாம் என்ற யோசனை) என்ற இரண்டு சொல்லுக்கு அவ்வளவு மவுசு அதனால்தான்.

சென்னை தண்டையார்பேட்டையில் ஒருவர் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கிட் போடுகிறார் என்று வையுங்கள். உள்ளே காய்ந்த நூடுல்ஸ் 160 கிராம், மசாலா 20 கிராம், பொரித்த வெங்காயம் 20 கிராம். முகப்பில் பீச் ஸ்டேஷன் எதிரே தள்ளுவண்டியில் கிடைக்கிற மாதிரி ஒரு தட்டு: நூடுல்ஸ், நறுக்கின முட்டைகோஸ், மேலே வெங்காயம், ஓரத்தில் பாதி முட்டை.

முட்டைகோஸ் பாக்கெட்டில் இல்லை, வாங்குகிறவர் சேர்த்துக்கொள்ள வேண்டியது. அதற்கு அந்த வரி போதும். வரி இல்லையென்றால், இல்லாததை இருப்பதாகக் காட்டிய லேபிள் ஆகிவிடும். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். வெங்காயம் அப்படியில்லை. உள்ளேயே இருக்கிறது, படத்திலும் எடுப்பாக இருக்கிறது. ஆகவே பொருட்பட்டியலில் ‘பொரித்த வெங்காயம் 10%’ என்று போட்டுவிட வேண்டும். கணக்கு எளிது: தயாரிக்கும்போது சேர்க்கிற எடையை மொத்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 20 கிராம் கொடுத்துவிட்டுப் படத்தில் கைநிறைய வெங்காயத்தைக் குவித்தால் எந்த வரியும் கைகொடுக்காது. பலர் சறுக்குவது இங்கேதான்.

முட்டை இன்னும் வம்பு. நம் விதியில் முட்டை அசைவக் கணக்கு. சைவம் என்று பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டில் பாதி முட்டை சிரித்தால், வரி இருந்தாலும் புகார் வரும். சைவக்காரர்கள் அதிகம் இருக்கிற சௌகார்பேட்டையில் பல கடைக்காரர்கள் அடுக்கில் வைக்கவே யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் முட்டையை எடுத்துவிடுங்கள்.

பக்கத்தில் வைக்கிற அலங்காரத்துக்குத்தான் இந்த வரி உதவும், பாக்கெட்டுக்குள் இருக்கிற சரக்குக்கு இல்லை. ஆரஞ்சு மணம் மட்டும் சேர்த்த பானத்தில் சாறு சொட்டும் பழத்தைப் போட்டுவிட்டு மூலையில் ‘படம் உதாரணத்துக்கு’ என்றால் செல்லாது. பழம் இல்லை, மணம் சேர்க்கப்பட்டது என்று நேராகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் டீக்கானே கம்பெனியின் பழ டீ ஒன்றில் ராஸ்பெரி படமும் வெனிலாப் பூவும் இருந்தன. உள்ளே இரண்டும் இல்லை, அவற்றிலிருந்து எடுத்த மணமும் இல்லை. பொருட்பட்டியலில் பொய் ஏதும் கிடையாது. ஆனாலும் முகப்பு ஏமாற்றுவதாக இருந்தால் பட்டியல் சரியாக இருப்பது மட்டும் போதாது என்று 2015இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெரிய கம்பெனிகள் தேவையில்லாத இடத்திலும் இதைப் போடுவதற்குக் காரணம் அச்சுச் செலவு. கிராவ்யூர் முறையில், அதாவது செதுக்கிய உருளைகளால் பாக்கெட் ரோலை அச்சடிக்கும்போது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர். புகார் வந்த பிறகு ஒரு வரி சேர்க்க சிலிண்டரையே மாற்ற வேண்டும், அடித்து வைத்த ரோல் வீண். முதலிலேயே போட்டுவிட்டால் காசு மிச்சம். ரெடிமேட் பவுச் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆனால் டிசைனர் நெட்டிலிருந்து எடுத்த வேறு யாரோ சமைத்த தட்டைப் போட்டுக் கொடுப்பார். உங்கள் சரக்கைச் சமைத்து, அதையே படம் எடுங்கள்.

வரியைப் படம் இருக்கிற பக்கத்திலேயே, பின்னணியிலிருந்து எடுத்துத் தெரிகிற நிறத்தில் போடுங்கள். பின்னால் பார்கோடுக்குக் கீழே போட்டுப் பலன் இல்லை. தமிழில் மட்டும் அடித்தாலும் போதாது. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.